பார்டர் மட்டும்தான் பாக்கி

உலகத்தில் வேலையே செய்யாதவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை, மன்னித்துவிடலாம். எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்கிற இனம் ஒன்று உண்டு. அவர்களோடு சகவாசம் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் நமக்கு நிம்மதி. இந்த இரண்டுக்கும் நடுவே, காலை ஐந்து மணிக்கே எழுந்து, குளித்து, தலையை இழுத்து முடிந்து, நிற்க நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. ஆரம்ப சூரர்கள். அதிலும் நான் சொல்லப்போவது வெறும் ஆரம்ப சூரர்களைப் பற்றி இல்லை. அட்டவணை போட்டு ஆரம்பிக்கிற சூரர்களைப் பற்றி.

இவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும். அதற்குள் தோகை இல்லாத மயில் ஒன்று, கைப்பிடி இல்லாத வயர் கூடை ஒன்று, ஒற்றைக் கால் காலுறை ஒன்று, இன்னும் யாருக்கு என்றே முடிவாகாத குல்லா நாலைந்து இருக்கும். "முடிஞ்சிட்டா?" என்று கேட்டுத்தான் பாருங்களேன். இல்லை என்ற சொல் அந்த வாயில் வராது. "பார்டர் மட்டும்தான் பாக்கி" என்பார்கள். அந்தப் பார்டர் பாக்கியாகி எத்தனை வருஷம் ஆகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், உங்களுக்குக் காப்பி வராது.

எங்கள் தெருவில் இந்த இனத்துக்குத் தலைமை வகிப்பவர் கிருபாபாய் டீச்சர். தூத்துக்குடியில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். எனக்கு அடுத்த வீடு. நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர், அதுவும் பாதிச் சுவர். கட்ட ஆரம்பித்தது அவர் கணவர். அந்த வீட்டில் எதுவும் தொத்திக்கொள்ளும்.

வாசலில் சிப்பித் திரை தொங்கும். கடற்கரையில் பொறுக்கின சிப்பியை ஓட்டை போட்டுக் கோத்தது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. மேலேயிருந்து முழங்கால் வரைக்கும் என்று நினைக்காதீர்கள். மேலேயிருந்து கீழே வர வேண்டியதைக் கீழேயிருந்து ஆரம்பித்துவிட்டார் டீச்சர். அதனால் அது இப்போது மூங்கில் கழி ஒன்றில் கட்டி, நுழைகிறவன் காலைத் தட்டிவிடும் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே, சிவப்பு வெல்வெட்டில் மணி வைத்துத் தைத்த எழுத்துகள்: "நல்வர". கடைசி எழுத்துக்கு மணி தீர்ந்துபோய்விட்டதாம். வருகிறவர்கள் நிலையைப் பிடித்துக்கொண்டு வாசித்துவிட்டு, பாதி வரவேற்பில் உள்ளே போவோம்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, புதுத் துறைமுகம் திறந்த மறு வருஷம், ஒரே வாரத்தில் இரண்டு பொறுப்புகள் வந்து சேர்ந்தன.

முதலாவது, டீச்சரின் தங்கை கிரேசி. சாயர்புரத்தில் வாழ்க்கைப்பட்டு ஒன்பது வருஷம் கழித்து முழுகாமல் இருந்தாள். பெற்ற தாய் இறந்துபோய்விட்டதால் தலைப்பிரசவத்துக்கு அக்காள் வீடுதான் தாய்வீடு. ஏழாம் மாசம் பெட்டியோடு வந்து இறங்கினவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்த கையோடு டீச்சர் அறிவித்தார்:

"ஏளா கிரேசி, ஒம் பிள்ளைக்கு நான் கில்ட் தச்சுத் தாரேன். ஞானஸ்நானத்துக்கு அதுலதான் சுத்தி எடுத்துட்டுப் போகணும்."

கில்ட் என்றால், துணித் துண்டுகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, அடியில் வெள்ளைத் துணி கொடுத்து, நடுவில் இலவம் பஞ்சை அடைத்து, மூன்றையும் சேர்த்து நூலோட்டம் போட்ட போர்வை. டீச்சர் ஹாஸ்டலில் படித்தபோது ஒரு வெள்ளைக்கார அம்மாள் சொல்லிக்கொடுத்தாராம். அந்த அம்மாளின் ஊரில் பனி பெய்யும். நம் தூத்துக்குடியில்? பச்சைப்பிள்ளையைப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இருக்க வேண்டிய ஊரில் பஞ்சுப் போர்வை எதற்கு? இந்தக் கேள்வியை நான் கேட்டேன். "அண்ணாச்சிக்கு எதுலயும் ஒரு ரசனை கெடையாது" என்று சொல்லிவிட்டார்.

கேட்டு எல்லாரும் சிரித்தோம், கிரேசி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய கல்யாணத்துக்கு அக்காள் தைத்துத் தந்த படுக்கை விரிப்பில்தான் அந்தத் தோகை இல்லாத மயில் இருந்தது. தோகை போட்டுத் தருகிறேன் என்று திருப்பி வாங்கி வைத்தது, ஒன்பது வருஷமாகப் பெட்டியை விட்டு வரவில்லை.

"இதாவது முழுசா வருமாக்கா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். டீச்சர் முகம் சுண்டிப்போய்விட்டது.

"நடுச்சதுரம் அம்மா கல்யாணச் சேலைளா. அத வச்சிக்கிட்டுப் பாதியில விடுவனா?"

அந்தத் தந்த நிறப் பட்டுச் சேலை மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, உள்ளங்கை அகலம்தான் நல்ல துணியாக மிஞ்சியிருந்தது. அக்காளும் தங்கையுமாக அதை வெட்டி எடுத்தார்கள். மற்ற நாற்பத்தெட்டுச் சதுரத்துக்குச் சொந்தபந்தம் எல்லாரிடமும் துணி கேட்டு வாங்கினார்கள். என் வீட்டில் கேட்கக்கூட இல்லை. என் மனைவி பேபி, நான் உப்புக் கம்பெனி ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, என் ஊதாக் கட்டம் போட்ட டெர்லின் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டாள். "பழசுதான?" என்றாள். பழசா? போன ஈஸ்டருக்கு எடுத்தது! அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை, இந்தக் கட்டுரையில் அங்கங்கே அது தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பொறுப்பு நான்கு காலில் வந்தது. டீச்சரின் கணவர் ஞானதீபம், கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். பையைத் திறந்தார், உள்ளே பழுப்புக் காது நாய்க்குட்டி. கிரேன் ஓட்டுகிற தனராஜ் கொடுத்தானாம். கிரேக்கக் கப்பலில் பிறந்ததாம். உயர்ந்த சாதியாம். பெயர் கேப்டன்.

மறுநாளே திரேஸ்புரத்திலிருந்து மீன் கொண்டுவரும் செல்லத்தாய் கூடையை இறக்கி வைத்தாள். குட்டியைப் பார்த்தாள்.

"இது எங்க கருவாட்டுக் களத்துக் குட்டில்லா? இதுக்க ஆத்தா இப்பமும் அங்கனதான் கெடக்கு. இதே காது."

"ஒனக்கு என்ன தெரியும்? அது கிரீக்கு," என்றார் ஞானதீபம்.

கிரீக்கு அதற்குள் கூடையிலிருந்து ஒரு சாளை மீனோடு தெருமுனைக்குப் போயிருந்தது.

நானாக இருந்தால், நீங்களாக இருந்தால், என்ன செய்வோம்? பிள்ளைத்தாய்ச்சி வீட்டில், பஞ்சும் நூலும் ஊசியுமாகக் கிடக்கிற இடத்தில், நாய்க்குட்டியா? ஒன்று போர்வை, இல்லாவிட்டால் குட்டி என்று முடிவு செய்வோம். நம் இனம் அப்படி முடிவு செய்யாது. அவர்களைப் பொறுத்தவரையில் நேரம் போதவில்லை என்பதே கிடையாது. கட்டம் சரியாகப் போடவில்லை, அவ்வளவுதான்.

டீச்சர் கட்டம் போட்டார். பெரிய கிராப் தாள், நாலு நிற மை. ரேடியோவுக்கு மேலே சுவரில் ஒட்டினார். ஐந்து மணி, ஜெபம். ஐந்தேகால், கேப்டனை வெளியே கொண்டுபோதல். ஐந்தரை, கில்ட்: வெட்டுதல். ஆறேகால், கேப்டன்: பால். பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் ஐந்து மணிக்கு, கேப்டன்: கீழ்ப்படிதல். ஐந்தரை, கில்ட்: இணைத்தல். ஆறரை, கேப்டன்: ஓய்வு. இந்த 'ஓய்வு' மட்டும் சிவப்பு மையில், அடிக்கோட்டோடு. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மணி அடிக்க வேண்டும் என்று, பள்ளிக்கூடத்தில் வேண்டாமென்று ஒதுக்கிய பித்தளைக் கைமணியைக் கேட்டு வாங்கி வந்தார். இந்த அட்டவணை எழுதவே நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளில் போர்வையில் ஒரு தையலும் விழவில்லை, குட்டியும் நாலு நாளாக வெளியே கொண்டுபோகப்படவில்லை. அது உள்ளேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டது. அந்த வீட்டில் எதையாவது முடிக்கிற பழக்கம் அதற்கு ஒன்றுக்குத்தான் இருந்தது.

கேப்டன் அட்டவணையில் ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டது. ஆறேகால் மணி அடித்தால் பால். ஆகவே மணி அடித்தால் பால். ஐந்தரைக்கு டீச்சர் கில்ட்டுக்கு மணி அடிப்பார், கேப்டன் எங்கிருந்தாலும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு மடியில் வந்து விழும். ஜெபத்துக்கு மணி, கேப்டன் ஆஜர். மாதா கோவில் மணி அடித்தாலும் சரி, எங்கள் சபைக் கோவில் மணி அடித்தாலும் சரி, அதற்குச் சபை பேதம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அடுக்களைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கோவிலுக்குப் போவார்கள்.

பஞ்சு அடைக்கிற நாளில்தான் தெருவே வேடிக்கை பார்த்தது. கட்டம் 'கில்ட்: பஞ்சு' என்று சொன்னது. கேப்டன் மூட்டையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தது. கடல்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இலவம் பஞ்சு ஜன்னல் வழியாகக் கிளம்பி, கொடியில் காய்ந்த என் வேட்டியில் ஒட்டி, தெருவில் வந்த செல்லத்தாயின் கூடையில் போய் உட்கார்ந்தது.

"டீச்சரம்மா, எம் மீனுக்கும் தலகாணி தைக்கியளோ?" என்று அவள் கத்தினது கடைத்தெரு வரைக்கும் கேட்டது.

இதற்கிடையில் பிள்ளை பிறந்துவிட்டது. அட்டவணையில் 'கில்ட்: ஓரம்' என்று இருந்த கட்டத்தில் பிறந்தது. பெண் குழந்தை, அக்காள் ஜாடை. மூன்றாம் மாசம் முதல் ஞாயிறு ஞானஸ்நானம் என்று குருவானவரிடம் சொல்லியாயிற்று. அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது போர்வையை விரித்துப் பார்த்தோம். உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. நாற்பத்தெட்டுச் சதுரம், என் சட்டை மூன்றாவது வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. நடுவில் ஓட்டை.

அம்மா சேலையைக் காணோம்.

டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார்கள்; மூடி சாத்தாமல் கிடந்த அதில் வேறு என்னென்ன குறைகிறது என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பைபிளை உதறினார்கள். மெத்தையைப் பிரித்தார்கள். டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்து, "தப்பா நெனைக்காதிய அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே என் கைக்குட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். தப்பாகத்தான் நினைத்தேன். சட்டையையும் வாங்கிக்கொண்டு, சந்தேகமுமா?

சாயங்காலம் அந்தப் பாதிச் சுவருக்கு அப்பால் கிரேசியின் குரல் கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை, சுவர் பாதி.

"மயிலுக்குத் தோகை வைக்கல, சரின்னு விட்டேன். அம்மா சீக்கா கெடக்கும்போது ஒரு சால்வை ஆரம்பிச்ச, அத அவ போட்டுக்கிடாமலே போயிட்டா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அம்மாக்க சேலைன்னு மிஞ்சினது அது ஒண்ணுதானக்கா. அதயும் நாய்க்கும் ஒனக்கும் நடுவுல தொலச்சிட்டியே."

எனக்கே என்னவோபோல் ஆகிவிட்டது. பிறகு டீச்சர், "இங்க பாருங்க, நாளைக்குக் காலம்பற நாயக் கொண்டுபோயி அதுக்க ஆத்தாகிட்ட விட்டுட்டு வந்திருங்க" என்று கணவரிடம் சொன்னது மட்டும் கேட்டது. கிரீக்கு என்று ஞானதீபமும் வாதாடவில்லை.

காலையில் சாக்கோடு அவர் நிற்கிறார், குட்டியைக் காணோம். அட்டவணை முழுக்க அதன் பெயர்தான், ஆனால் பகலில் அது எங்கே படுக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "கேப்டன்! கேப்டன்!" என்று தெரு முழுக்கக் கூப்பிட்டாகிவிட்டது. கடைசியில் கிரேசிதான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கோபத்தோடு, அந்தப் பித்தளை மணியை எடுத்து ஆட்டினாள்.

பின்கட்டில் விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேப்டன் வந்தது. பின்னங்காலில் நீலக் கம்பளி நூல் சுற்றியிருந்தது. நூலின் மறுமுனை விறகுக்குப் பின்னால் போயிற்று. ஞானதீபம் நூலைப் பிடித்துக்கொண்டு போனார். அவர் பின்னால் டீச்சர், டீச்சர் பின்னால் கிரேசி, கிரேசி பின்னால் பேபி, பேபிக்குப் பின்னால் நான். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள், எல்லாரும் போனார்கள்.

விறகை விலக்கினோம். அங்கே ஒரு படுக்கை. அடியில் தோகை இல்லாத மயில். அதன்மேல் கையில்லாத ஸ்வெட்டர், அதைச் சுற்றி ஒற்றைக் காலுறை, குல்லாய்கள், காணாமல் போன இரண்டு கிலோ பஞ்சில் ஒரு கிலோ, அம்மாவுக்கு ஆரம்பித்த சால்வை. எல்லாம் வட்டமாகச் சுருட்டி, மிதித்து மெத்தென்று ஆக்கி வைத்திருந்தது. டீச்சர் பதினைந்து வருஷமாகத் தனித்தனியாக ஆரம்பித்ததை எல்லாம் அந்தக் குட்டி நாலைந்து மாசத்தில் ஒன்றாகச் சேர்த்து, ஒரு பொருளாக முடித்து, அதில் படுத்துத் தூங்கவும் தூங்கியிருக்கிறது. நட்டநடுவில், தலை வைக்கிற இடத்தில், அம்மா சேலைச் சதுரம். ஒரு பல் படவில்லை.

டீச்சர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சால்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். சிரிக்கிறாரோ என்றும் இருந்தது. கிரேசியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒன்னவிட இது தேவல," என்றாள்.

"ஆமாளா," என்றார் டீச்சர்.

கேப்டன் இரண்டு பேரையும் பார்த்தது. மணி அடித்தீர்களே, பால் எங்கே? ஞானதீபம் சாக்கை மடித்துச் சத்தமில்லாமல் கொடியில் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனார்.

அந்த ஒரு வாரம் டீச்சர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை. தைத்தார், அவ்வளவுதான். நடுச்சதுரம் உட்கார்ந்தது, நூலோட்டம் ஓடிற்று. ஓரத்தில் மூன்று பக்கம் அடித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முதல் மணி அடித்தபோது நாலாவது பக்கம் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். அடுக்களைக் கதவைச் சாத்த வேண்டியவர் யார் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. அட்டவணையிலும் இல்லை.

இரண்டாம் மணி அடித்தது. சபையார் எழுந்து நின்றோம். பெரிய வாசல் வழியாக, நடுப்பாதையில், அவசரமில்லாமல் கேப்டன் நடந்து வந்து, ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தது. குருவானவர் பிள்ளையைக் கையில் வாங்கி, "இந்தப் பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்ட அதே நேரத்தில் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, "கேப்டன்!" என்றார். பின்வரிசை வரைக்கும் கேட்டது. குருவானவர் நல்ல மனுஷர். கொஞ்ச நேரம் காத்திருந்தார். "ஜெபசெல்வி, ஐயரே" என்று கிரேசி சொன்னாள். பிள்ளையைத் திரும்ப வாங்கும்போதுதான் போர்வையின் நாலாவது பக்கத்தில் தொங்கின ஊசியைப் பார்த்தாள். உருவி எடுத்து அக்காள் முந்தானையில் குத்தினாள்.

"பார்டர் மட்டும்தான்ளா பாக்கி," என்றார் டீச்சர்.

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல், அந்த நாலாவது பக்கத்தை முடித்துக் கொடுப்பதற்காக, டீச்சர் ஊசிநூல் டப்பாவோடு சாயர்புரம் பஸ் ஏறுகிறார். காலடியில் கேப்டன். கண்டக்டர் ஏதாவது சொன்னால் "கிரீக்கு" என்பார்.

போன கிறிஸ்துமசுக்குக் கிரேசி வந்திருந்தபோது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு முழம் ஓரந்தானம்மா? மத்தியானத்துல ஒக்காந்து நீயே அடிச்சி முடிச்சிரலாமே?"

கிரேசி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா முடிச்சிட்டா, அண்ணாச்சி. ரெண்டு தடவை முடிச்சிட்டா. அவ பஸ் ஏறினதும் நாந்தான் பிரிச்சி விடுதேன். அம்மாவும் இல்ல. முடிஞ்சிட்டுன்னா அவ எதுக்கு வருவா?"

"டீச்சருக்குத் தெரியுமா?"

"யாருக்குத் தெரியும்? போன தடவ பிரிக்கக் கத்தரிக்கோலே வேண்டியிருக்கல. அவளே லூசாத்தான் போட்டிருக்கா."

இனி உங்கள் சங்கதிக்கு வருகிறேன். கிருபாபாய் டீச்சரைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்கள், நல்லது. இந்தக் கட்டுரையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? அடுப்பில் ஏதாவது? பாதி எழுதின கடிதம்? ஹார்மோனியப் பாடமா, ஒரு ஆணி அடித்து நிறுத்தின அலமாரியா? "அஞ்சு நிமிஷம் இதைப் படித்துவிட்டுப் போய் முடித்துவிடுகிறேன்" என்றுதானே உட்கார்ந்தீர்கள்? நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாதிச் சுவரின் மிச்சத்தை என் பக்கத்திலிருந்து நானே கட்ட ஆரம்பித்தேன், நாலு வரிசைக் கல்தான் பாக்கி. ஆனால் எழுந்து போய்விட்டுத் திரும்ப வந்து உட்காரும்போது கொஞ்சம் பார்த்து உட்காருங்கள். ஊசியை எங்கே குத்தி வைத்தீர்கள் என்று உங்களுக்கே நினைவிருக்காது.